அலுமினிய வார்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவைப் பக்கத்துப் பவுண்டரிகளில் புதிதாகச் சேர்ந்தவர்கள், சொந்தமாகச் சிறு உலை போட்டவர்கள், வார்ப்பை வாங்கிக் கடைசல் செய்பவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். அலுமினிய வார்ப்பில் வரும் குறைகளில் பெரும்பகுதி ஊற்றுவதற்கு முந்தைய அரைமணி நேரத்தில், உலையடியில் பிறக்கிறது. அதனால் உலை பற்றிய பதில்கள் மற்றவற்றைவிட நீளமாக இருக்கும்.

இரும்பு வார்க்கிற பவுண்டரியிலயே அலுமினியமும் வார்க்கலாமுங்களா? என்ன பெரிய வித்தியாசம்?

பெட்டி, மண், பேட்டர்ன் (மண்ணில் அச்சு பதிக்கும் மாதிரி உரு) எல்லாம் ஒரே மாதிரிதான். உலோகத்தின் குணம்தான் வேறு. வார்ப்பிரும்பை 1350 டிகிரி செல்சியஸ் அளவில் ஊற்றுகிறோம், அலுமினியத்தை 700 முதல் 750க்குள். வார்ப்பிரும்பின் அடர்த்தி 7.2, அலுமினியத்துக்கு 2.7. எடை குறைவு என்பதால் மண்ணிலிருந்து கிளம்பும் ஆவியை அழுத்தி வெளியே தள்ளும் பலம் அலுமினியத்துக்குக் கிடையாது. ஆகவே மண் நன்றாக மூச்சு விட வேண்டும், வென்ட் கம்பியால் (ஆவி போகத் துளை இடும் கம்பி) குத்த மறக்கக் கூடாது.

இன்னொரு வித்தியாசம் மேலே படியும் ஆக்சைடு தோல். இரும்பின் கசடு லேசானது, மேலே மிதக்கும், ஒதுக்கிவிடலாம். அலுமினியத்தின் ஆக்சைடோ உருகிய அலுமினியத்தைவிடக் கனமானது. உள்ளே மடிந்து போனால் தானாக மேலே வராது, வார்ப்புக்குள்ளேயே மெல்லிய விரிசலாக உறைந்துவிடும். இந்தத் தோலைத் தொந்தரவு செய்யாமல் வேலை பார்ப்பதுதான் அலுமினிய வார்ப்பின் பாதி வித்தை.

சுத்தமான அலுமினியத்தை உருக்கி ஊத்துனா ஆகாதா? எல்எம்6, எல்எம்25ன்னு கேக்கறாங்களே?

சுத்த அலுமினியம் 660 டிகிரியில் உருகும், ஆனால் மோல்டில் (உலோகத்தை ஊற்றும் அச்சு) சரியாக ஓடாது. ஆறும்போது 6 சதவீதத்துக்கும் மேல் சுருங்கி வெடிப்பு விடும். சிலிக்கான் சேர்த்தால் இரண்டும் குறையும். சிலிக்கான் 12 சதவீதத்தை ஒட்டி இருக்கும்போது கலவை 577 டிகிரியிலேயே உருகிவிடும், தண்ணீர் மாதிரி ஓடும்.

எல்எம் எண்கள் வார்ப்புக்கான அலுமினியக் கலவைகளின் தரப்பெயர்கள், அதாவது கிரேடு. எல்எம்6இல் சிலிக்கான் 10 முதல் 13 சதவீதம். மெல்லிய சுவர், சிக்கலான வடிவம், உப்புக்காற்று படும் இடம் என்றால் இது. எல்எம்25இல் சிலிக்கான் 6.5 முதல் 7.5 சதவீதம், கூடவே கொஞ்சம் மெக்னீசியம். அந்த மெக்னீசியத்தால்தான் டி6 என்ற வெப்பப் பதத்துக்கு (சூடேற்றிக் குளிர்வித்துப் பலமாக்கும் முறை) இது இடம் கொடுக்கிறது, பலம் ஏறுகிறது. கார் வீல், பம்பு பாடி, பிராக்கெட் எல்லாம் இந்த வகைதான். எல்எம்24, ஏடிசி12 இரண்டும் பிரஷர் டைக்கு (உலோக அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தும் முறை) உரியவை, தாமிரம் கலந்தவை. பிஸ்டனுக்கு எல்எம்13. டிராயிங்கில் கிரேடு எழுதாமல் 'அலுமினியம்' என்று மட்டும் இருந்தால் வேலையை எடுக்குமுன் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மண் வார்ப்பு, கிராவிட்டி டை, பிரஷர் டை: என் பாகத்துக்கு எது சரிப்படும்?

முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள். ஐந்து, ஐம்பது என்றால் மண். மரப் பேட்டர்ன் போதும், சுவர் 4 மி.மீ.க்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஆயிரக்கணக்கில், நடுத்தர அளவு, பலம் முக்கியம் என்றால் கிராவிட்டி டை. இரும்பு டையை (திரும்பத் திரும்பப் பயன்படும் அச்சு) 300 முதல் 400 டிகிரிக்குச் சூடேற்றி, டை கோட் என்ற பூச்சு அடித்து, கரண்டியால் ஊற்றுவது. டையில் சீக்கிரம் உறைவதால் உலோகத்தின் படிக மணிகள் நெருக்கமாகி, மண்ணில் வார்த்ததைவிடப் பலம் கூடுகிறது.

பிரஷர் டை லட்சக்கணக்கில் ஓடும் பாகங்களுக்கு. உலோகம் கேட் (அச்சுக்குள் நுழையும் வாய்) வழியாக நொடிக்கு 30 மீட்டருக்கு மேல் பாய்கிறது, 2 மி.மீ. சுவர்கூட நிரம்பும். டையின் விலை லட்சங்களில், அந்த வேகத்தில் காற்றும் உள்ளே சிக்கும். அதன் விளைவைக் கீழே வெப்பப் பதம் பற்றிய கேள்வியில் சொல்லியிருக்கிறோம். இவை போக மெழுகு வார்ப்பும் உண்டு. சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி எடுத்துவிட்டு வார்க்கிறார்களே, அதே தத்துவம்தான் தொழிற்சாலையில் இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங் என்ற பெயரில் நடக்கிறது.

பேட்டர்னை எவ்வளவு பெருசாச் செய்யச் சொல்லணும்?

அலுமினியத்துக்குச் சுருக்கக் கணக்கு 1.3 சதவீதம், அதாவது மீட்டருக்கு 13 மி.மீ. 200 மி.மீ. பாகத்துக்குப் பேட்டர்ன் 202.6 மி.மீ. இரும்புப் பேட்டர்னையே அலுமினியத்துக்குப் பயன்படுத்தினால் அளவு குறைந்து வரும், ஏனென்றால் இரும்புக்கு 1 சதவீதம்தான் கூட்டியிருப்பார்கள். கடைசல் முகங்களுக்கு 2 முதல் 3 மி.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வேண்டாம், காரணம் கடைசிக் கேள்வியில் இருக்கிறது.

செங்குத்துச் சுவர்களுக்கு 1 முதல் 3 டிகிரி டிராப்ட் (சாய்வு) கொடுக்காவிட்டால் பேட்டர்னைத் தூக்கும்போது மண் பெயரும். உள்மூலைகளில் ரேடியஸ் வையுங்கள். கூர்மையான உள்மூலையில்தான் சூட்டு வெடிப்பு ஆரம்பிக்கும்.

மண்ணுல தண்ணி எவ்வளவு விடணும்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

பச்சை மண்ணுக்கு (காய வைக்காமல் ஈரத்தோடு பயன்படுத்தும் வார்ப்பு மண்) பென்டோனைட் களிமண் 6 முதல் 10 சதவீதம், தண்ணீர் 3 முதல் 5 சதவீதம். எடை போட்டுச் சேர்ப்பதுதான் முறை, கைச்சோதனையும் பழகிக்கொள்ளுங்கள். ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பிடித்துக் கையை விரியுங்கள். விரல் பதிந்த தடம் அப்படியே நிற்க வேண்டும். கொழுக்கட்டை மாதிரி இருக்கும் அதை இரண்டாக உடைத்தால் விளிம்பு உதிராமல் நறுக்கென்று உடைய வேண்டும். உள்ளங்கையில் மண் அப்பிக்கொண்டால் தண்ணீர் அதிகம். உடைந்த விளிம்பு பொலபொலவென்று கொட்டினால் தண்ணீர் போதவில்லை, அல்லது அரைத்தது போதவில்லை. பென்டோனைட்டும் தண்ணீரும் மணலைச் சுற்றிப் பூச்சாகப் படிய மல்லரில் (மண் அரைக்கும் இயந்திரம்) நேரம் வேண்டும். மண்வெட்டியால் நாலு புரட்டு புரட்டினால் படியாது.

உருகுன அலுமினியத்துல தண்ணி பட்டா வெடிக்கும்ங்கறீங்க. பச்சை மண்ணுலயும் தண்ணி இருக்குதே, அது ஏன் வெடிக்கறதில்லை?

ஆவிக்கு வெளியேற வழி இருப்பதால்தான். தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரியும். பச்சை மண்ணில் ஈரம் கொஞ்சம், பரவலாக இருக்கிறது, மணல் இடுக்கு வழியே ஆவி போய்விடும். உலோகத்தின் அடியில் தண்ணீர் மாட்டிக்கொண்டால் அதற்கு வழியில்லை, மேலே இருக்கும் உலோகத்தை வாரி இறைத்துவிட்டுத்தான் வெளியே வரும். ஈரமான இங்காட் (உலோகக் கட்டி), மழையில் கிடந்த ஸ்கிராப், மூடிய குழாய்த் துண்டு, காயாத கரண்டி இவற்றால்தான் விபத்துகள் நடக்கின்றன. உலைக்குள் போகும் எதுவானாலும், கசடு ஒதுக்கும் கம்பி உட்பட, முதலில் உலை வாயோரம் வைத்துச் சூடேற்றுங்கள்.

தரை சிமெண்ட்டாக இருந்தால் ஊற்றும் இடத்தில் உலர்ந்த மணலைக் கனமாகப் பரப்புங்கள். சிமெண்ட்டுக்குள் இருக்கும் ஈரம் உலோகம் பட்டதும் தெறிக்கும். சூடு பட்டால் கருகும் தோல் ஷூ வேண்டும், உருகும் ரப்பர் செருப்பு கூடாது. முகக்கவசம், தோல் முன்கட்டு இல்லாமல் யாரும் குரூசிபிள் (உலோகம் உருக்கும் பாத்திரம்) பக்கம் நிற்க வேண்டாம். தீப்பிடித்தால் உலர்ந்த மணல்தான், தண்ணீர் வாளி அந்தப் பக்கமே வரக் கூடாது.

எத்தனை டிகிரியில ஊத்தணுங்க? சிவக்கவே மாட்டேங்குதே, கண்ணால எப்படிக் கண்டுபிடிக்கறது?

கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. 720 டிகிரி அலுமினியம் பகல் வெளிச்சத்தில் வெள்ளிக் கண்ணாடி போலத்தான் தெரியும். பகலில் நன்றாகச் சிவந்து தெரிகிறது என்றால் ஏற்கெனவே சூடு மிஞ்சிவிட்டது. தெர்மோகப்பிள் (சூடு அளக்கும் கருவி) வாங்குங்கள், இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். 3, 4 மி.மீ. சுவருக்கு 740 வரை போகலாம், 20 மி.மீ.க்கு மேல் தடிமன் என்றால் 700 போதும். 'ஓடவில்லை' என்றதும் சூட்டை ஏற்றுவது பலருக்கும் பழக்கம். 760ஐத் தாண்டத் தாண்ட அடுத்த இரண்டு கேள்விகளில் வரும் கசடும் வாயுவும் சேர்ந்து ஏறும்.

கசடு நிறைய வருதுங்க. கிளறிக் கிளறி எடுத்தாலும் வந்துக்கிட்டே இருக்குது.

கிளறுவதால்தான் வருகிறது. மேல்தோலைக் கிழித்தால் புதிய உலோகம் காற்றைச் சந்திக்கும், உடனே புதிய தோல். நீங்கள் அள்ளிப் போடும் 'கசடில்' பாதிக்கு மேல் நல்ல அலுமினியமாகவே இருக்கும். தோல் உலோகத்தைக் காக்கும் போர்வை, ஊற்றும் நேரம் வரை அதைத் தொடாதீர்கள்.

உருகி முடிந்ததும் கவரிங் பிளக்ஸ் (மேல்பரப்பை மூடும் பொடி) தூவுங்கள். கடைசியில் டிராசிங் பிளக்ஸை (கசடு பிரிக்கும் பொடி) மெதுவாகக் கலந்து இரண்டு நிமிடம் விட்டால் கசடு ஈரமில்லாத சாம்பல் மாதிரிப் பிரியும். அப்போது ஒரே முறை ஒதுக்குங்கள். மெல்லிய ஸ்கிராப்பை நேரே தீயில் போடாமல், ஏற்கெனவே உருகியிருக்கும் உலோகத்துக்குள் அமுக்குங்கள்.

வார்ப்பைக் கடைஞ்சா பொடிப்பொடி ஓட்டையா இருக்குது. எல்லாரும் 'கேஸு'ங்கறாங்க. என்ன கேஸு அது?

ஹைட்ரஜன். உருகிய அலுமினியத்தில் கணிசமாகக் கரையும் ஒரே வாயு அதுதான். உறையும் கணத்தில் அது கரைந்திருக்கும் திறன் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக விழுகிறது. கரைய இடமில்லாத ஹைட்ரஜன் குமிழியாகி அங்கேயே உறைந்துபோகிறது. அது வருவது பெரும்பாலும் ஈரத்திலிருந்து. நீராவியின் ஆக்சிஜனை அலுமினியம் பிடுங்கிக்கொள்ள, மிச்ச ஹைட்ரஜன் உலோகத்துக்குள் போகிறது. எண்ணெய் படிந்த டர்னிங்ஸ் (கடைசல் சீவல்), காயாத பிளக்ஸ், புது குரூசிபிள், எரிவாயுச் சுவாலையே தரும் நீராவி, எல்லாம் வாசல்கள்தான். ஐப்பசி அடைமழையில் இந்தப் புகார் கூடுவது தற்செயல் அல்ல.

வெளியேற்ற, சுழலும் கிராபைட் ரோட்டர் வழியாக உலர்ந்த நைட்ரஜனையோ ஆர்கானையோ செலுத்துவதுதான் நல்ல முறை. 100, 150 கிலோ குரூசிபிளுக்கு நிமிடத்துக்கு 400 முதல் 500 சுற்று, பத்து நிமிடம். குமிழி சிறிதாக இருந்தால்தான் ஹைட்ரஜனை அள்ளிக்கொண்டு வரும். வெறும் குழாயை நட்டு ஊதினால் பெரிய குமிழிகள் குபுகுபுவென்று மேலே வந்து போகும், பலன் குறைவு. மேல்பரப்பு சுழித்துக் குழி விழுந்தால் வேகத்தைக் குறையுங்கள், அது காற்றை உள்ளே இழுக்கிறது என்று அர்த்தம். டீகேசிங் (வாயு நீக்கும்) மாத்திரை பழைய முறை. அதன் ஹெக்சாகுளோரோஈத்தேன் விடும் புகை நுரையீரலுக்குக் கேடு. நைட்ரஜன் சிலிண்டர் கிடைக்கும் ஊரில் அதை விட்டுவிடுங்கள்.

கேஸ் போயிருச்சான்னு ஊத்தறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்க வழி இருக்குதுங்களா?

இருக்கிறது, பட்டறையில் பத்து நிமிட வேலை. ஒரே உலோகத்திலிருந்து இரண்டு சிறு கிண்ணம் எடுங்கள். ஒன்றைச் சாதாரணக் காற்றில் உறைய விடுங்கள். மற்றதை வெற்றிடக் கூண்டுக்குள், 80 மில்லிபார் அழுத்தத்தில் உறைய விடுங்கள். அழுத்தம் குறைவு என்பதால் ஒளிந்திருக்கும் ஹைட்ரஜன் பெருத்துக் காட்டிக்கொடுக்கும். கண்ணாடி வழியாகப் பார்த்தாலே தெரியும். நல்ல உலோகத்தின் மேல்புறம் நடுவில் லேசாகக் குழிந்து உறையும். கேஸ் உள்ளது பூரி மாதிரி உப்பும், சில நேரம் நடுவில் குமிழி வெடித்து மூடும். நடுவில் அறுத்து எமரித் தாளில் தேய்த்தால் ஓட்டைகளை எண்ணலாம்.

எண்ணாகவும் சொல்லலாம். இரண்டையும் தண்ணீரில் தொங்கவிட்டு எடை போட்டு அடர்த்தி காணுங்கள். காற்றில் உறைந்தது 2.64, வெற்றிடத்தில் உறைந்தது 2.53 என்றால் வித்தியாசம் 0.11. அதை 2.64ஆல் வகுத்தால் 4.2 சதவீதம். அழுத்தம் தாங்கும் பாகத்துக்கு 2 சதவீதத்துக்குள் வர வேண்டும், ஆகவே இந்த உலோகத்துக்கு இன்னொரு முறை டீகேஸ். இந்தச் சோதனையில் ஆக்சைடு மடிப்புகளும் சேர்ந்து தெரியும் என்பதால், ரோட்டர் ஓட்டியும் எண் இறங்கவில்லை என்றால் உலோகத்தின் சுத்தத்தைச் சந்தேகப்படுங்கள்.

ஓட்டை கேஸால வந்ததா, சுருக்கத்தால வந்ததான்னு பிரிச்சுப் பாக்கறது எப்படி?

பூதக்கண்ணாடி போதும். கேஸ் ஓட்டை உருண்டையாக, உள்சுவர் வழவழப்பாக இருக்கும், வார்ப்பு முழுக்கப் பரவியிருக்கும். சுருக்க ஓட்டை கிழிந்த பஞ்சு மாதிரி, உள்ளே ஊசிமுனைகளோடு இருக்கும். தடித்த பகுதியிலோ, சுவரும் சுவரும் சேரும் இடத்திலோ மட்டும் இருக்கும். முன்னதற்கு மருந்து மேலே சொன்னது, பின்னதற்கு ரைசரும் (சுருக்கத்தை ஈடுகட்ட உலோகம் தரும் கூடுதல் தேக்கம்) சில்லும் (அந்த இடத்தைச் சீக்கிரம் உறைய வைக்கும் உலோகத் துண்டு). பெரும்பாலான வார்ப்புகளில் இரண்டும் கைகோத்தே வரும் என்பதால் முதலில் கேஸை ஒழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்.

ரைசர் பெருசாத்தான் வச்சேன், அப்பவும் பள்ளம் விழுது. இன்னும் பெருசா வைக்கட்டுங்களா?

முதலில் கணக்குப் பாருங்கள். ஒரு பகுதி உறையும் நேரம் அதன் கன அளவை மேற்பரப்பால் வகுத்தால் வரும் எண்ணைப் பொறுத்தது. 20 மி.மீ. தகட்டுக்கு அது சுமார் 10 மி.மீ. ரைசருக்கு அதைப்போல 1.2 மடங்கு, அதாவது 12 மி.மீ. வேண்டும். உயரமும் விட்டமும் சமமான, தகட்டின் மேல் உட்கார்ந்த ரைசருக்கு அந்த எண் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே 60 மி.மீ. விட்டம்.

உறையும் வரிசை சரியாகிவிட்டது, கொடுக்கும் அளவையும் பார்க்க வேண்டும். சாதாரண மண் ரைசர் தன் கன அளவில் 14 சதவீதம் அளவுக்குத்தான் வார்ப்புக்குத் தரும். 60 மி.மீ. ரைசரின் கன அளவு 170 கன செ.மீ., தருவது 24. சுருக்கம் 6 சதவீதம் என்றால் அது தனக்குப் போக சுமார் 230 கன செ.மீ. வார்ப்பைத்தான், அதாவது 600 கிராம் சொச்சத்தைத்தான் காப்பாற்றும். உங்கள் தகடு 2 கிலோ என்றால் ஒரு ரைசரைப் பெரிதாக்குவதைவிடப் பிரித்து வைப்பதும், காப்பு உறை போடுவதும், தூரத்து முனைகளில் வார்ப்பிரும்புச் சில் வைப்பதும் நல்லது. முனையிலிருந்து ரைசரை நோக்கி உறைந்துகொண்டே வர வேண்டும். நடுவில் மெல்லிய கழுத்து இருந்தால் அது முதலில் உறைந்து வழியை அடைத்துவிடும், அப்பால் எவ்வளவு பெரிய ரைசர் இருந்தும் பயனில்லை. சில்லில் ஈரமோ துருவோ இருக்கக் கூடாது.

மெதுவா ஊத்துனா பாதியிலயே உறையுது, வேகமா ஊத்துனா கசடு உள்ள போகுது. எதுதாங்க சரி?

கரண்டியை நிறுத்தாமல், ஸ்ப்ரூ (உலோகம் கீழிறங்கும் செங்குத்துக் குழாய்) வாய் எப்போதும் நிரம்பியிருக்கும்படி ஊற்ற வேண்டும். வேகத்தை மோல்டுக்குள் கேட்தான் அடக்க வேண்டும். மோல்டுக்குள் நுழையும் அலுமினியம் நொடிக்கு அரை மீட்டரைத் தாண்டினால் மேல்தோல் மடிந்து உள்ளே போகும். வெறும் 13 மி.மீ. விழுந்தாலே அந்த வேகம் வந்துவிடும் என்றால் எவ்வளவு நாசூக்கான விஷயம் என்று புரியும். 150 மி.மீ. ஸ்ப்ரூவின் அடியில் வேகம் நொடிக்கு 1.7 மீட்டர். அதை 0.5க்கு இறக்க கேட்களின் மொத்தப் பரப்பு ஸ்ப்ரூ அடிப்பரப்பைப்போல மூன்றரை மடங்கு வேண்டும். அதனால்தான் அலுமினியத்துக்கு ஸ்ப்ரூ அடி, ரன்னர் (ஸ்ப்ரூவிலிருந்து கேட்டுக்குப் போகும் வாய்க்கால்), கேட் ஆகியவற்றின் பரப்புக்கு 1:4:4 போன்ற விகிதம் சொல்கிறார்கள்.

ஸ்ப்ரூ மேலே அகலமாகவும் கீழே குறுகியும் இருக்கட்டும், நேர்க்குழாய் காற்றை உறிஞ்சும். ரன்னர் கீழ்ப்பெட்டியில், கேட் அதற்கு மேலே, நிரம்புவது கீழிருந்து மேலாக. ரன்னர் வாயில் பீங்கான் நுரை பில்டர் வைத்தால் கசடும் நிற்கும், ஓட்டமும் அடங்கும். முதலில் வரும் குளிர்ந்த, கசடு கலந்த உலோகம் போய் அடங்க ரன்னரைக் கேட்டுக்கு அப்பாலும் நீட்டி விடுங்கள்.

ஸ்கிராப்பு மலிவாக் கிடைக்குது. இங்காட்டுக்குப் பதிலா அதையே போட்டா என்ன?

தெரிந்த ஸ்கிராப் என்றால் போடலாம். அலாய் வீல்கள் பெரும்பாலும் எல்எம்25ஐச் சேர்ந்த வகை, நல்ல சரக்கு. பிஸ்டனைத் தனியாக வையுங்கள், அதில் நிக்கலும் தாமிரமும் உண்டு. ஜன்னல் சட்டமும் குளிர்பான டின்னும் வார்ப்புக்கு உரிய கலவையே அல்ல, சிலிக்கான் மிகக் குறைவு. டின்களின் சுவர் மிக மெலிசு, பெயின்ட்டும் உண்டு, ஆகவே எரிந்தே கணிசமாகப் போய்விடும். மெக்னீசிய பாகங்கள் கலந்தால் தீப்பிடிக்கும்.

ஸ்கிராப்போடு ஒட்டி வரும் இரும்பு போல்ட், புஷ் ஆகியவற்றைக் கழற்றுங்கள். உருகிய அலுமினியம் இரும்பைக் கரைத்துக்கொள்ளும். எல்எம்25க்கு இரும்பு 0.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கூடினால் ஊசி ஊசியான படிகங்களாகி வார்ப்பு மடக்கென்று உடையும். இரும்புச் சட்டியில் உருக்குவதும், பூச்சு இல்லாத இரும்புக் கரண்டியால் மொள்ளுவதும் இதே தவறுதான். கலந்த இரும்பைப் பட்டறையில் திரும்ப எடுக்க முடியாது, சுத்த உலோகம் சேர்த்து நீர்க்கச் செய்வது ஒன்றே வழி.

அதே ஸ்கிராப்புல தோசைக்கல்லு, வடச்சட்டி வார்த்து விக்கலாமுங்களா?

கூடாது. எந்த பாகத்தில் ஈயம் இருந்தது, எதில் பழைய பெயின்ட் இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. ஸ்கிராப்பில் வார்த்த பாத்திரங்களிலிருந்து சமையலில் ஈயம் இறங்குவது பல நாடுகளில் சோதனையில் தெரிய வந்திருக்கிறது. புளிக்குழம்பும் ரசமும் கொதிக்கும் வீட்டில் இது சின்ன விஷயம் அல்ல, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தாக்கும் நஞ்சு. பாத்திரத்துக்கு அதற்குரிய தரத்தில், சான்றிதழோடு வரும் இங்காட் மட்டும்.

டி6 போட்டா பலம் ஏறும்னாங்க. எங்க பிரஷர் டை வார்ப்பைப் போட்டதும் அம்மை போட்ட மாதிரி கொப்புளிச்சிருச்சு. ஏன்?

எல்எம்25க்கு டி6 என்றால் 540 டிகிரியில் ஆறு முதல் எட்டு மணி நேரம் வைத்து, எடுத்த சில நொடிகளுக்குள் 65 முதல் 80 டிகிரி வெந்நீரில் முக்கி, பின்பு 160 டிகிரியை ஒட்டி எட்டு முதல் பத்து மணி நேரம் வைப்பது. உலைக்கதவைத் திறந்துவிட்டு நிதானமாக எடுத்துவந்தால் மெக்னீசியம் வழியிலேயே படிந்துவிடும், பலம் வராது.

பிரஷர் டை வார்ப்பில், மேலே சொன்னபடி, காற்று சிக்கி அழுந்திக் கிடக்கிறது. 540 டிகிரியில் உலோகம் இளகுகிறது, காற்று விரிகிறது, தோல் உப்புகிறது. இது வெப்பப் பதம் செய்தவரின் தவறு அல்ல. பலம் வேண்டும் என்றால் அந்த பாகத்தை ஆரம்பத்திலேயே கிராவிட்டி டைக்கோ, வெற்றிடம் இழுக்கும் பிரஷர் டைக்கோ திட்டமிட வேண்டும்.

எல்எம்6 வார்ப்பை அனோடைஸ் பண்ணினா கருத்துப்போகுதே?

சிலிக்கான் அனோடைஸ் ஆகாது (மின்சாரத்தால் ஏற்றும் ஆக்சைடு பூச்சு அதில் ஏறாது), கருஞ்சாம்பல் நிறத்தில் வெளியே தெரியும். அழகு முக்கியமென்றால் பவுடர் கோட்டிங் செய்யுங்கள்.

பம்பு பாடி கடையறதுக்கு முன்னாடி டெஸ்ட்ல கசியல. கடைஞ்ச பிறகு கசியுது. வார்த்தவங்க தப்பா, கடைஞ்சவங்க தப்பா?

வார்ப்பின் வெளித்தோல் மோல்டைத் தொட்டு முதலில் உறைந்த பகுதி, நெருக்கமானது. நுண்துளைகள் கடைசியில் உறையும் நடுப்பகுதியில் இருக்கும். கடைசலில் 5, 6 மி.மீ. சீவினால் தோல் போய் அந்தத் துளைகள் வெளியே திறந்துகொள்ளும். ஆக, துளை வார்ப்பில் இருந்தது, திறந்துவிட்டது அதிகப்படியான கடைசல் அளவு. பேட்டர்ன் கேள்வியில் 2, 3 மி.மீ. போதும் என்றது இதற்காகத்தான்.

கடைந்த பாகத்தின் வாய்களை அடைத்து, 2 பார் காற்று ஏற்றி, தண்ணீரில் முக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று சாக்பீஸால் குறியுங்கள். பத்து பாகத்திலும் ஒரே இடம் என்றால் அது சுருக்கம், அந்த இடத்துக்குச் சில் வையுங்கள். பாகத்துக்குப் பாகம் இடம் மாறினால் கேஸும் ஆக்சைடும், உலையடிக்குத் திரும்புங்கள். கையில் இருக்கும் சரக்கை வெற்றிடத்தில் ரெசின் ஏற்றும் இம்ப்ரெக்னேஷன் முறையால் காப்பாற்றலாம், எஞ்சின் பாகங்களுக்கே செய்கிறார்கள். ஆனால் அது ஊசித்துளை அடைக்கத்தான், பலத்தைக் கூட்டாது. கண்ணுக்குத் தெரியும் பள்ளத்தில் ரெசின் நிற்கவும் செய்யாது, அந்த வார்ப்பைத் திரும்ப உலைக்கு அனுப்புங்கள்.